சின்யோரா எமிலியானாவின் பின்கதவு

பலெர்மோ நகரில் கால்சா என்ற பகுதியில், சின்யோரா எமிலியானாவின் வீட்டுப் பின்கதவால் சப்பாத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போகிறவர்கள் பிரான்சுக்குப் போய்ச் சேருவார்கள். வெறுங்காலோடு போகிறவர்கள் சமையல் நடக்கிற குசினிக்குப் போய்ச் சேருவார்கள். இது 2022ஆம் ஆண்டு மார்ச் 14, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. கதவு அதற்கு முன்பும் அப்படியேதான் இருந்திருக்க வேண்டும். யாரும் கவனிக்காததற்குக் காரணம் உண்டு. சின்யோராவும் அவரைப் பார்க்க வருகிறவர்களும் முன்கதவைத்தான் பாவித்தார்கள். பின்கதவு, முற்றத்திலிருந்து குசினிக்குள் வருகிற வேலையாட்களின் வழி. 2014 ஜனவரி முதல் அந்த வழியால் வந்துபோனவள் நிசாந்தி மட்டும்தான். நிசாந்தி கிளிநொச்சிக்காரி. சின்யோராவைக் குளிப்பாட்டுவது, சமைப்பது, மருந்து கொடுப்பது அவளுடைய வேலை. எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரோரமாகச் சோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். தரை குளிரும், அப்படிச் செய்யவேண்டாம் என்று சின்யோரா முதல் மாதமே சொன்னார். நிசாந்தி தலையாட்டினாள். அடுத்த நாளும் கழற்றினாள்.

அந்தத் திங்கட்கிழமை, காய்ந்த துணிகளை எடுக்க ஒரு நிமிடம்தானே என்று அவள் வெறுங்காலோடு முற்றத்துக்கு வந்திருந்தாள். மேல்வீட்டுப் பூனை சன்னல் விளிம்பில் இருந்த தக்காளிக் குழம்புப் போத்தலைத் தட்டிவிட்டது. போத்தல் பின்கதவு வாசலில் விழுந்து நொறுங்கியது. நிசாந்தியின் செருப்புக்குள்ளும் கண்ணாடித் துண்டுகள் விழுந்தன. முற்றத்துக் கல்லிருக்கையில் சின்யோராவின் காலமான கணவருடைய மண்ணிறச் சப்பாத்து இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், அதைக் காற்றாட வைப்பது அந்த வீட்டு வழக்கம். நிசாந்தி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு மேலால் கால் வைத்தாள். வலது கால் வாசற்படியில் பட்டது. இடது கால் ஒரு கல்பாவிய தெருவில் பட்டது.

தெருவில் யாரும் இல்லை. இலையில்லாத ஒரு பெரிய அக்ரூட் மரம் நின்றது. வீடுகளின் சன்னற்கதவுகள் நீலமாக இருந்தன. சின்னச் சதுக்கத்தில் மூன்று குழாய் வைத்த ஒரு நீரூற்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு குழாய்கள் கல் மீனின் வாயிலிருந்து வந்தன, மூன்றாவது மீனுக்குத் தலை இல்லை. விறகுப் புகை மணத்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் கதவு இல்லை, கொடி படர்ந்த சுவர் இருந்தது. அவளுடைய பொத்தான் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பிரான்சுக்கு நல்வரவு, நிமிடத்துக்கு இன்ன கட்டணம் என்று அதில் இருந்தது. அவள் நீரூற்றில் முகம் கழுவினாள். தண்ணீர் மிகவும் குளிர்ந்தது, ஆகவே கனவு அல்ல என்று முடிவு செய்தாள். தெருவின் மேல்முனையில் ஒரு சின்னத் தேவாலயம் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கலாம் என்று அங்கே போனாள். நிசாந்தி சைவம். ஆனால் எந்தக் கோயிலானாலும் செருப்போடு உள்ளே போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. சப்பாத்தைக் கழற்றிப் படியின் இடது பக்கம் சோடி சேர்த்து வைத்தாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். சின்யோராவின் குசினியில் குளிர்சாதனப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. மொத்தம் பதினொரு நிமிடம்.

சின்யோராவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. 2017இல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நடை குறைந்து, 2019 முதல் சக்கரக் கதிரைதான். அவர் நிசாந்தியின் ஈரமான முகத்தையும் வெறுங்காலையும் பார்த்தார். கணவரின் சப்பாத்து எங்கே என்று முதலில் கேட்டார். கோயில் வாசலில் விட்டுவிட்டேன் என்றாள் நிசாந்தி. எந்தக் கோயில் என்று கேட்டார். நிசாந்தி நடந்ததை நடந்தபடி சொன்னாள், போனில் வந்த செய்தியையும் காட்டினாள். சின்யோரா செய்தியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, அப்படியானால் யோசப்பின் ஓடிப்போகவில்லை என்றார். யோசப்பின் நிசாந்திக்கு முன்பு வேலை செய்த மொரீசியஸ் பெண். வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு திரிகிறவள், வந்துபோவது முன்கதவால். 2013 டிசம்பரில் முற்றத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எட்டு ஆண்டுகளாகச் சின்யோரா அவளைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் கெட்டதாகச் சொல்லிவந்தார். இப்போது சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அங்கே பேக்கரியில் பாண் என்ன விலை என்று கேட்டார்.

அன்று மாலை பலெர்மோவின் ஒரேத்தோ பகுதியில் இருந்த தன் வீட்டில் நிசாந்தி மேசை இழுப்பறையைத் திறந்து பழைய போனை எடுத்தாள். அதில் அவளுடைய தம்பி வசீகரன் கடைசியாக அனுப்பிய படம் இருந்தது. வசீகரன் 2012இல் அவளிடம் பலெர்மோவுக்கு வந்தவன். 2017 பெப்ரவரியில் அவனுடைய பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்கிற நாள் வந்தது. மொழி தெரிந்த நிசாந்தி கூடப் போவதாக இருந்தது. அவனுடைய கடதாசிகள் எல்லாம் ஒரு நீலக் கோவையில் அவளுடைய பைக்குள் இருந்தன. அன்று காலை சின்யோரா குளியலறையில் விழுந்தார். நிசாந்தி அம்புலன்சில் போனாள், பையும் போனும் குசினியில் கிடந்தன. வசீகரன் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் தனியாக நின்றான். கடதாசி இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டான். அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் போயிற்று, முதலில் வேலை, பிறகு பெர்மெஸ்ஸோ. பரவாயில்லை அக்கா என்று அவன் சொன்னான். ஐந்து மாதம் கழித்து, நிசாந்தி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ரயிலேறி எல்லை கடந்து பிரான்சுக்குப் போய்விட்டான். 2019இல் இந்தப் படத்தை அனுப்பினான். ‘இஞ்சை ஒரு ஹொட்டல் குசினியிலை நிக்கிறன். நல்லா இருக்கிறன். தேடாதேங்கோ’ என்று எழுதியிருந்தான். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. படத்தில் ஒரு நீரூற்றுக்கு முன்னால் நின்றான். மூன்று குழாய். ஒரு மீனுக்குத் தலை இல்லை.

நிசாந்தி படத்தைக் கணவன் ரஜீவனிடம் காட்டினாள். ரஜீவன் படிக்கட்டுகள் துடைக்கிற வேலை செய்கிறவன், எதையும் இலகுவில் நம்பாதவன்.

“இஞ்சேருங்கோ, இந்த மீனைப் பாருங்கோ. இதிலைதான் நான் இண்டைக்கு முகம் கழுவினனான்.”

“பிரான்சிலை தலையில்லாத மீன் ஆயிரம் இருக்கும் நிசா.”

“நான் கண்ணாலை கண்டனான்.”

“சரி, கண்டனீ. ஊரின்ரை பேர் என்ன?”

“பாக்கேல்லை.”

“திரும்பிப் போறதுக்கு அந்தச் சப்பாத்து எங்கை?”

“கோயில் வாசலிலை.”

ரஜீவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். “பிரான்சுக்குப் போற சனம் கோபுரம் பாக்கும், படம் எடுக்கும். நீ மட்டும்தான் போய்ச் செருப்புக் கழட்டிப் போட்டு வந்திருக்கிறாய்” என்றான்.

மறுநாள் அவள் தன்னுடைய செருப்போடு பின்கதவால் நுழைந்தாள். கொல்மார் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். வாய்க்கால் ஓரமாக மரச்சட்டம் வைத்த வீடுகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். மூன்றாம் நாளும் அதே செருப்பு, அதே கொல்மார், அதே வாய்க்காலின் அதே மூலை. நான்காம் நாள் ரஜீவனின் வேலைச் சப்பாத்து அவளைப் பெசான்சோனுக்குக் கொண்டுபோனது. ஆகவே ஒரு சோடி ஓரிடத்துக்குத்தான் போகும். திரும்பி வருவதற்கு, திறந்திருக்கிற ஏதாவது ஒரு வாசலால் வெறுங்காலோடு உள்ளே போகவேண்டும். கழற்றியதைக் கையில் எடுத்து வந்தால் கூட வரும், விட்டுவிட்டு வந்தால் அங்கேயே நிற்கும். அங்கே போகிற நேரமும் இங்கே போகிற நேரமும் ஒன்று. அடுப்பில் கடலை அவியப் போட்டுவிட்டுப் போய் இதை உறுதிசெய்தாள். எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கொப்பியில் எழுதினாள். தேதி, சப்பாத்து, ஊர், வெப்பம், பாண் விலை. பாண் விலை சின்யோராவுக்காக.

கொப்பியின் முதல் பக்கத்தில் மண்ணிறச் சப்பாத்து என்று எழுதி, ஊர் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அந்த இடத்துக்குப் போகிற சோடி தேவாலய வாசலில் நின்றது. வேறொரு சோடி எங்கேயாவது இருக்கவேண்டும், அதுதான் அவளுடைய கணக்கு. அவள் தெரிந்தவர்களிடம் சப்பாத்துக் கேட்டாள். ஒரேத்தோவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் முதலில் சிரித்தன, பிறகு கொடுத்தன. கீழ்வீட்டுப் பிரசாந்தினியின் குதி உயர்ந்த கலியாணச் சப்பாத்து லியோன் நகரின் குரோ-ரூஸ் மேட்டுக்குப் போனது. பட்டு நெய்தவர்கள் முன்பு இருந்த பகுதி அது. ஒரு வீட்டின் கதவால் நுழைந்து, முற்றம் கடந்து, படி இறங்கி, அடுத்த தெருவில் வெளியே வரலாம். படிகள் மிக அதிகம், அந்தக் குதியோடு இறங்கி ஒரு கிழமை நொண்டினாள். பலெர்மோவின் கபோ சந்தையில் வாங்கிய பழைய சப்பாத்துகள் இன்னும் தூரம் போயின. ஒன்று கொலோஞ் என்ற கிராமத்துக்கு, அங்கே எல்லா வீடும் சிவப்புக் கல். ஒன்று ரொக்கமதூருக்கு, அங்கே ஊரே மலைச்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருநூற்றுப் பதினாறு படி ஏறினால் கோயில், அந்தப் படிகளை முழங்காலால் ஏறியவர்கள் உண்டாம். ஒன்று அன்னசியின் பழைய பகுதிக்கு, வாய்க்கால் தண்ணீரில் அடி தெரியும். நிசாந்தி இவ்வளவையும் நாளின் ஒரே நேரத்தில்தான் பார்த்தாள். சின்யோரா பகலில் தூங்குவது பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. ஆகவே அவளுக்குத் தெரிந்த பிரான்சு எப்போதும் மதியச் சாப்பாட்டில் இருந்தது. கடைகள் பூட்டியிருந்தன. தெருக்கள் வெறுமையாக இருந்தன. மூடிய சன்னற்கதவுகளுக்குப் பின்னால் கரண்டியும் கோப்பையும் படுகிற சத்தம் கேட்டது. பாண் விலையைக் கடைக் கண்ணாடியால் எட்டிப் பார்த்துத்தான் எழுதினாள்.

ரஜீவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சப்பாத்தோடு தானே போய்ப் பார்த்தான். நாற்பது நிமிடத்தில் திரும்பினான். ஒரு கோட்டை, ஒரு ஆறு, ஒரு நாய், கதைக்க ஒரு சனம் இல்லை என்றான். அதற்குப் பிறகு போகவில்லை, ஆனால் நம்பினான். சந்தையில் பழைய சப்பாத்துக் கண்டால் வாங்கிவந்தான். 2023 ஏப்ரலில் மின்மானி வாசிக்க வந்தவர் முன்கதவு மணி வேலை செய்யாததால் பின்கதவால் நுழைந்து, தினான் என்ற ஊரின் சரிவான கல்தெருவில் போய் நின்றார். அங்கிருந்து போன் எடுத்தார். பக்கத்தில் இருக்கிற மருந்துக்கடை வாசலில் சப்பாத்தைக் கழற்றும்படி நிசாந்தி சொன்னாள். அவர் சத்தம் போட்டார், பிறகு கழற்றினார். குசினிக்குள் வந்து, காலுறையோடு மின்மானியை வாசித்து, கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். காலுறை கணக்கில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. அடுத்த முறை மணி திருத்தப்பட்டிருந்தது.

அந்த ஆண்டு செப்டெம்பரில், மார்செய் நகரின் லு பனியே மேட்டில், ஒரு பெண் படிக்கட்டில் வைத்த பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நிசாந்தி கால் தடுக்கி இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் திரும்பினாள். பலெர்மோவா என்று கேட்டாள். பிறகு, எமிலியானா இன்னமும் நாக்குச் சுடச் சுடத்தான் காப்பி குடிக்கிறாளா என்று கேட்டாள். யோசப்பின் அங்கே பூக்கடை வைத்திருந்தாள். முதல் கிழமை திரும்பிப் போக வழி தெரியவில்லை, இரண்டாம் கிழமை வழி தேடவில்லை என்றாள். சின்யோராவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டி ஒலிவ் சவர்க்காரம் தந்தாள். சின்யோரா சவர்க்காரத்தை முகர்ந்து பார்த்தார். அன்று பாண் விலை கேட்கவில்லை.

2024 ஒக்டோபர் வரைக்கும் நாற்பத்தொரு சோடி ஆயிற்று. சில சோடிகள் ஒரே ஊருக்குப் போனதால் முப்பத்துநான்கு இடங்கள். தலையில்லாத மீன் எங்கும் இல்லை. ஒக்டோபர் 14ஆம் தேதி நிசாந்தியின் சொந்தப் பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்துப் பதினாறு மாதம் கழித்து, கைக்கு வந்தது. அது இல்லாமல் எல்லை கடக்க முடியாது என்பதால்தான் அவள் அதுவரை ரயிலைப் பற்றி யோசிக்கவில்லை. அன்று மாலை சின்யோராவிடம் சொன்னாள். நவம்பரில் பாரிசுக்குப் போகிறேன், அங்கிருந்து ஹொட்டல் ஹொட்டலாகக் கேட்டுத் தேடப்போகிறேன், இரண்டு மாதம் ஆகலாம், அதற்குள் வேறொரு பெண்ணை ஒழுங்குசெய்து தருகிறேன் என்றாள். சின்யோரா நல்லது என்றார். மூன்று நாள் காப்பியை ஆறவிட்டுக் குடித்தார்.

17ஆம் தேதி வியாழக்கிழமை. வியாழன் பிற்பகல் நிசாந்திக்கு விடுமுறை. அவள் பையை எடுத்துக்கொண்டு புறப்படும்போது சின்யோரா கூப்பிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டைத் திறக்கச் சொன்னார். அங்கே ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒரு சோடி பெண்களின் சப்பாத்து, மண்ணிறம், குதி உயரமில்லாதது. 1974இல் கபோவில் ஒரு சப்பாத்துக்காரர் தைத்தது, தனக்கும் கணவருக்கும் ஒரே நாளில் அளவெடுத்து, ஒரே தோலில் வெட்டியது என்று சின்யோரா சொன்னார்.

“அப்படியென்றால் இதுவும் அங்கேதான் போகும்” என்றாள் நிசாந்தி.

“போகலாம்.”

“இது இருப்பது எப்போதிருந்து ஞாபகம்?”

“முதல் நாளிலிருந்து.”

நிசாந்தி பெட்டியை மூடினாள், மறுபடி திறந்தாள். இரண்டு ஆண்டு ஏழு மாதம் என்று மட்டும் சொன்னாள். சின்யோரா சன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். “யோசப்பின் சவர்க்காரம் அனுப்பினாள். நீ எதுவும் அனுப்பவேண்டாம். நீயே வா.” நிசாந்தி பெட்டியைக் கையில் எடுத்தாள். அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்று சின்யோராவின் காப்பிக் கோப்பையைக் கழுவாமல் விட்டுப் போனாள்.

சப்பாத்து அவளுக்கு இரண்டு அளவு சிறியது. பின்பக்கத்தை மடித்து மிதித்துக்கொண்டு, வலது கால், இடது கால். அக்ரூட் மரத்தில் இலை மஞ்சளாகியிருந்தது. காய்கள் விழுந்து, கறுத்த தோல் தெருவெல்லாம் நசுங்கிக் கிடந்தது. நீரூற்று ஓடியது. தலையில்லாத மீனைக் கையால் தொட்டுப் பார்த்தாள். தேவாலய வாசலில் சப்பாத்து இல்லை. ஊரில் ஒரே ஒரு ஹொட்டல் இருந்தது, அது வியாழக்கிழமை பூட்டு. யாரைக் கேட்பது என்று தெரியாமல் அதன் பின்பக்கத்துச் சந்தால் நடந்தாள். நான்கு வீடுகள் இருந்தன. முதல் வீட்டு வாசலில் பூச்சாடி, இரண்டாவதில் பூனை, மூன்றாவதில் ஒன்றுமில்லை. நான்காவது வீட்டு வாசலில் மூன்று சோடிகள் சுவரோரமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று வெள்ளைச் சமையற்காரர் சப்பாத்து, ஒன்று நீல ரப்பர்ச் செருப்பு, ஒன்று குதி மாற்றித் தைத்த மண்ணிற ஆண்கள் சப்பாத்து. முப்பத்துநான்கு ஊர்களில் ஒரு வீட்டு வாசலிலும் அவள் செருப்பைக் கண்டதில்லை. உள்ளே வெங்காயமும் செத்தல் மிளகாயும் பொரிகிற மணம் வந்தது.

“வசி” என்று கூப்பிட்டாள்.

“ஆர்?”

“நான்தான்.”

கதவு திறந்தது. வசீகரன் மெலிந்திருந்தான், முன்தலையில் மயிர் குறைந்திருந்தது. கையில் அகப்பை இருந்தது. “அக்கா! என்னண்டு வந்தனீங்கள்?” என்றான். கதவாலை என்றாள் அவள். “வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ. வெளியிலை நிக்காதேங்கோ” என்றான்.

உள்ளுக்கு வாங்கோ என்று கேட்டதும் அவளுடைய வலது கால் தானாகவே சப்பாத்திலிருந்து கழன்றது. காலைத் தூக்கி வாசலுக்கு மேலாகக் கொண்டுபோனாள். பெருவிரலில் கால்சாக் குசினித் தரையின் குளிர் தெரிந்தது. குளிர்சாதனப் பெட்டி இரைவது கேட்டது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். படியில் உட்கார்ந்து சப்பாத்தை மறுபடி போட்டாள்.

“தம்பி, நான் இதைக் கழட்ட ஏலாது.”

“ஏன், காலிலை புண்ணோ?”

“கழட்டினா நான் போயிடுவன். சப்பாத்து இஞ்சை நிண்டிடும், திரும்பி வரவும் ஏலாது.”

வசீகரன் அதை விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த வீட்டுக்குள் அவன் யாரையும் சப்பாத்தோடு விட்டதில்லை. ஹொட்டல் முதலாளியே காலுறையோடுதான் வந்துபோவார். அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான், காலைப் பார்த்தான், பின்னால் கூட்டித் துடைத்திருந்த தரையைப் பார்த்தான். “சப்பாத்தோடையே வாங்கோ” என்றான்.

அவள் உள்ளே போனாள். வாசலிலிருந்து கதிரை வரைக்கும் ஏழு தடங்கள் விழுந்தன. அக்ரூட் தோலின் கறை சவர்க்காரத்துக்குப் போகாது, அவை இன்னும் இருக்கின்றன. கதிரையில் உட்கார்ந்ததும் அவள் பையிலிருந்து நீலக் கோவையை எடுத்து மேசையில் வைத்தாள். அவன் திறந்து ஒவ்வொரு கடதாசியாகப் பார்த்தான். ஒரு இடத்தில் சிரித்தான்.

“இந்தப் படத்திலை எனக்கு எவ்வளவு மயிர். எல்லாம் காலாவதி அக்கா, மயிரும்தான்.”

“அண்டைக்கு நான் வந்திருக்க வேணும்.”

“சின்யோரா விழுந்தவ. நீங்கள் என்ன செய்யிறது.”

“பரவாயில்லை எண்டு சொன்னாய். சொல்லிப்போட்டுப் போட்டாய்.”

வசீகரன் அடுப்பை நிறுத்தினான். “என்னைக் காணுற நேரமெல்லாம் உங்கடை முகம் விழும். காலமை விழும், பின்னேரம் விழும். அதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமத்தான் போனனான்” என்றான்.

பிறகு நிசாந்தி, வாசலில் இருக்கிற மண்ணிறச் சப்பாத்து ஆருடையது என்று தெரியுமா என்று கேட்டாள். கோயில் வாசலில் கிடந்தது என்றான். “மூண்டு நாள் பாத்தன், ஒருத்தரும் எடுக்கேல்லை. இஞ்சத்தையச் சனம் கோயிலுக்குச் செருப்புக் கழட்டாது. எங்கடை ஆள் ஆரோ வந்து போயிருக்கெண்டு விளங்கிச்சுது. ரெண்டு வருசமா ஆரெண்டு தேடித் திரியிறன்” என்றான். தேடாதேங்கோ என்று எழுதினாயே என்று நிசாந்தி கேட்டாள். உங்களைத்தானே தேடவேண்டாம் என்றேன் என்றான் அவன். அன்று அவர்கள் சோறும், கத்தரிக்காய்க் குழம்பும், ஹொட்டலில் மிஞ்சிய வாத்திறைச்சியும் சாப்பிட்டார்கள். வாத்துக்கு அவன் யாழ்ப்பாணத் தூள் போட்டிருந்தான். ஐந்து மணிக்கு நிசாந்தி எழும்பினாள். போவதற்கு அவள் உள்ளே வரவேண்டியிருந்தது. வெளியே போய், சின்யோராவின் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தாள், கணவருடையதைப் பைக்குள் வைத்தாள். அடுத்த வியாழன் வாறன் என்றாள். வெறுங்காலோடு வாசலைத் தாண்டினாள். அகப்பையோடு நின்ற வசீகரனுக்கு முன்னால் அவளைக் காணவில்லை.

சின்யோராவின் சக்கரக் கதிரை பின்கதவைப் பார்த்தபடி நின்றது. கழுவாத கோப்பை மடியில் இருந்தது. அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார், கணவரின் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு நிசாந்தியின் வெறுங்காலைப் பார்த்தார். பாண் என்ன விலை என்று கேட்டார். கேட்க மறந்துவிட்டேன் என்று நிசாந்தி சொன்னாள். கோப்பையை வாங்கிக் கழுவினாள்.

நவம்பரில் நிசாந்தி பாரிசுக்குப் போகவில்லை. அந்த மாதத்து முதல் வியாழக்கிழமை, கணவரின் மண்ணிறச் சப்பாத்தைப் பஞ்சு வைத்துத் தான் போட்டுக்கொண்டாள். சின்யோராவுக்கு அவருடைய சப்பாத்தைப் போட்டுவிட்டாள். ஐந்து ஆண்டுகளாக அந்தக் கால்கள் சப்பாத்துப் போட்டதில்லை. கம்பளியால் போர்த்தி, கதிரையைத் தள்ளிக்கொண்டு பின்கதவால் நுழைந்தாள். வசீகரன் நீரூற்றடியில் காத்திருந்தான். சின்யோரா அவனிடம், அன்று விழுந்தது நான்தான் என்றார். தெரியும் சின்யோரா என்றான் அவன். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் இத்தாலிய வார்த்தை அதுதான். அப்போதிருந்து வியாழக்கிழமைகளில் இருவரும் போய்வருகிறார்கள். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை, வசீகரனுக்கு இன்னும் கடதாசி கிடைக்கவில்லை. அவனுடைய வாசலிலிருந்து கதிரை வரைக்கும் ஒரு பழைய பாயை விரித்திருக்கிறான், சப்பாத்தோடு வருகிறவர்களுக்காக. திரும்பும் நேரம் நிசாந்தி சின்யோராவின் சப்பாத்தைக் கழற்றுவாள். கால் குளிருகிறது என்று சின்யோரா ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

முதல் தடவை போன அன்றே அவர் பாண்கடைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வசீகரன் மொழிபெயர்த்தான். ஒரு நீளப் பாண் ஒரு யூரோ முப்பத்தைந்து. அது கூடுதல் என்றார் சின்யோரா. இரண்டு வாங்கினார். கடைக்காரி, அம்மா சுற்றுலாவுக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டாள். வசீகரன் கேட்டுச் சொன்னான். இல்லை, பின்பக்கத்தில்தான் வீடு என்றார் சின்யோரா. கடைக்காரி தலையாட்டிவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தாள்.